லாரியை அப்பா என்றவள்

என் மகள் முதன்முதலில் அப்பா என்று கூப்பிட்டது ஒரு லாரியை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதல் நாள் சிரித்தவள்தான்.

தப்பு எங்களுடையது. எழுபதுகளின் கடைசி அது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில், நிலக்கடலைக் காட்டுக்கு நடுவே எங்கள் வீடு. வீட்டுக்காரர் சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு லாரி ஓட்டினார். போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். வந்தால் இரண்டு நாள் இருப்பார், அதிலும் ஒரு நாள் பட்டறையில் போய்விடும். எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே போட்டோ, லாரிக்குப் பாடி கட்டி முடித்துப் பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்று, அதற்குப் பூமாலை போட்டு, பொட்டு வைத்து எடுத்தது. அவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முன் கண்ணாடியில் வெயில் பட்டு, அவர் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக விழுந்துவிட்டது. மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நானும் மாமியாரும் அந்தப் போட்டோவைக் காட்டி, “அப்பா பாரு சாமி, அப்பா பாரு” என்று சொல்லிச் சொல்லி ஊட்டினோம். குழந்தை என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரிந்ததை அப்பா என்று எடுத்துக்கொண்டது.

அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒரு மத்தியானம் லாரி வாசலுக்கு வந்து நின்றது. அவள் ஓடிப்போய் முன் பம்பரைக் கட்டிக்கொண்டு, “அப்பா வந்துச்சு, அப்பா வந்துச்சு” என்று குதித்தாள். கதவைத் திறந்து, பத்து நாள் தாடியோடு அவர் இறங்கினார். அவள் வீல் என்று கத்திக்கொண்டு வந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அவர் வாங்கி வந்த மரப்பொம்மையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போன பிறகுதான் எடுத்தாள். எடுத்து எங்கே கொண்டுபோனாள் தெரியுமா? லாரிக்குக் காட்டப் போனாள்.

அவர் சிரித்தார். அப்புறம் தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். ஒரு முகத்தைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபம்.

சாயங்காலம் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். “அடுத்த லோடுக்கு நானும் பாப்பாவும் வாரோமுங்க. கிளீனரு அவரு ஊரு கோயில் நோம்பிக்குப் போறாருன்னு நீங்கதான சொன்னீங்க. அந்த எடம் சும்மாதான கெடக்குது.”

அவர் வாய் திறப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். “ஏனம்மிணி, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? ரோட்டுல லாரி ஏறிப் போற பொம்பளைக எவளுகன்னு உனக்கு நாஞ் சொல்லோணுமா?”

“வேண்டாமுங்க அத்தை, தெரியும். நான் ஏறப் போறது எம்புருசன் ஓட்டற லாரியில.”

“இத்தன சனத்துல எவ அப்படிப் போயிருக்கறா? புருசன் சம்பாரிச்சுப் போடறான், ஊட்டுல இருந்து புள்ளைய வளத்துறதுக்கு உனக்கென்ன வலிக்குது?”

“அவுங்கப்பன் மூஞ்சி தெரியாமத்தான் வளத்தோணுமுங்களா?”

மாமியார் வாசற்படியைக் கை காட்டினார். பதில் இல்லாதவர்கள் சொல்வதைத்தான் சொன்னார். “போறதுன்னாப் போ. திரும்பி வாரப்ப இந்த வாசப்படிய மட்டும் மிதிக்காத.”

வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா சொல்றதும்...” என்று இழுத்தார். “உங்க மக உங்களைப் பாத்து அழுவுறா. அது உங்களுக்குச் சம்மதமுங்களா?” என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் பார்த்தால் கேபினைக் கழுவி, சீட்டில் புதுப் பாய் விரித்து வைத்திருந்தார். அந்த மனுசனுடைய சம்மதம் அப்படித்தான் இருக்கும்.

என் பழைய நூல் சேலையைக் கேபினுக்குள் குறுக்கே தூளியாகக் கட்டினோம். சேலத்துக் குடோனில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் வேலையும் எனக்குத்தான். “வாங்க... வாங்க... கொஞ்சம் இந்தப் பக்கமா வாங்க... போதுமுங்க” என்று நான் சொன்னதைக் கேட்டு மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். லாரி எங்கேயும் இடிக்கவில்லை.

மகள் அழுதாள். லாரிக்காக அல்ல. ஓட்டுகிற மனிதரைக் காட்டி, “இந்த ஆளு வேண்டாம். எறங்கச் சொல்லு. நாம அப்பாவோட போலாம்” என்றாள். தொப்பூர் மேடு ஏறும்வரை இதே பாட்டு. அவர் ரோட்டை விட்டுக் கண்ணைத் திருப்பவேயில்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு செக்போஸ்ட். காலை நேரம். காகிதங்களை வாங்கிப் பார்த்த ஆள், எட்டி என்னைப் பார்த்தார். பல்லைக் காட்டினார். “என்னய்யா, முன்னாடியும் லோடு ஏத்தியிருக்க? எங்க புடிச்ச?”

“சம்சாரமுங்க” என்றார் என் வீட்டுக்காரர். தலை நிமிரவில்லை.

“எல்லா டிரைவரும் இதத்தான்யா சொல்றான்.” பிறகு குழந்தையிடம் குனிந்தார். “பாப்பா, உங்கப்பா எங்க?”

என் மகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் லாரியின் டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினாள். “இதா.”

“பாத்தியா?” என்று அந்த ஆள் சிரித்தார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். “ஆமாங்க. இவளுக்கு அப்பன் யாருன்னு தெரியாது. மாசத்துல ரெண்டு நாள் ஊட்டுல இருக்கற மனுசனைப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரிய வெக்கத்தான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வேலை முடிஞ்சா ஊட்டுக்குப் போயிருவீங்க. உங்க புள்ளை உங்களைப் பாத்து ஓடி வரும். உங்களுக்கு இது எங்கீங்க புரியப் போவுது? கட்டுனவனோட போறதுக்கு எந்த ஆபீசுல பர்மிட் வாங்கோணும்னு சொல்லுங்க, வாங்கிட்டு வாரேன்.”

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் காகிதங்களை நீட்டி, “போ போ” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இரண்டு மைல் போனதும் வீட்டுக்காரர் லாரியை ஓரம் கட்டினார். “அடுத்த ஊருல பஸ் ஏத்தி உட்டர்றேன் புள்ள. இந்தப் பேச்செல்லாம் நீ கேக்கோணும்னு என்ன தலையெழுத்து?”

“நான் எறங்க மாட்டேன். வேணும்னா நீங்க எறங்கிக்குங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி நாலு வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என்ன என்று தெரியாமலே குழந்தையும் சிரித்தாள்.

அந்த இருபத்திரண்டு நாளில்தான் நான் என் புருசனோடு குடும்பம் நடத்தினேன் என்று சொல்வேன். வீட்டில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன், புளியமரத்தடியில் ஸ்டவ் பற்ற வைத்து ரசம் வைத்தார். என் ரசத்தைவிட நன்றாக இருந்தது, எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. டிரைவர்கள் கூட்டத்தில் என்னை, “எங்கூட்டுல” என்று தலை நிமிர்ந்து சொல்லப் பழகினார். திரும்பும்போது பல்லாரி வெங்காயம் ஏற்றக் காத்திருந்த நாட்களில் அவர் துணி துவைக்க, நான் அலசினேன். இதில் என்ன கேவலம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

மகள் எங்கே மாறினாள் என்றும் எனக்குத் தெரியும். பம்பாய்க்குப் போகும்போதே, தார்வாடுக்கு முன்னால் சோறாக்க நிறுத்தியிருந்தோம். அவள் தூரத்தில் நின்றுகொண்டு லாரியைப் பார்த்து, “அப்பா, வா” என்று கூப்பிட்டாள். லாரி வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். உதடு பிதுங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டு அவர் போய் அவள் முன்னால் குந்தினார். தூக்கவில்லை, தொடவில்லை, சும்மா குந்தியிருந்தார். அவள் லாரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை எட்டு முறை நான் அப்படிப் போனேன். ஊர் பேசியது. பேசிப் பேசி அதற்கே அலுத்துப்போனது.

ஆனால் அந்த முதல் முறை திரும்பி வந்ததைச் சொல்லிவிட வேண்டும். லாரி வாசலில் நின்றபோது மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், நகருகிற முகம் இல்லை. என்னைப் பார்க்காமல் பேத்தியை மட்டும் கை நீட்டி வாங்கினார். இருபத்திரண்டு நாள் பார்க்காத குழந்தை அழுதுவிடுமோ என்ற பயத்தில், பழைய வழக்கப்படி லாரியைக் காட்டினார். “அப்பா பாரு சாமி. அப்பா வந்துச்சு பாரு.”

மகள் லாரியைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பாட்டியைப் பார்த்தாள்.

“அது லாரி” என்றாள். ஸ்டவ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவரை நோக்கிக் கையை நீட்டி, “அப்பா, வா” என்றாள்.

அவர் பெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். மாமியார் குழந்தையைத் தன் மகன் கையில் கொடுத்தார். கொடுக்க எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை. நான் தூளிச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசற்படியை நன்றாக மிதித்து உள்ளே போனேன்.