இடது கால் சப்பாத்து

கல்முனைக் கடற்கரைச் சந்தையில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவனுடைய இடது கால் சப்பாத்து பஸ் ஜன்னலால் விழுந்துவிட்டது. ஜன்னலை நான் மூடியிருக்க வேண்டும். எங்கள் கலியாணத்தன்றே பேரனுக்கென்று மாமி இங்கே வாங்கி வைத்த சிவப்புச் சப்பாத்து அது. இப்போது போவதும் மாமி வீட்டுக்குத்தான்.

அன்று இங்கே கால் வைக்க இடமில்லையாம். இன்று பூட்டிய கடை வாசல்களில் ஆடுகள் படுத்திருக்கின்றன. திறந்திருக்கும் ஒரே கடையில் கயிறு நிறையச் சப்பாத்துகள், எல்லாம் இடது கால்.

"வலது கால் எங்க காக்கா?" கடைக்காரரைக் கேட்கிறேன்.

"சனம் நெருக்கின காலத்துல ஒத்தக் காலத்தான் தொங்க விடுவம் தங்கச்சி. அப்பதான் களவெடுக்க மாட்டானுகள். மத்தக் கால் பெட்டிக்குள்ள இரிந்திச்சி. கடல் ஏறி வந்து பெட்டியக் கொண்டு போயித்து. மத்தக் கடைக்காரன்களும் பெரிய ரோட்டுக்குப் போயிட்டானுகள்."

"எனக்கு இடதுதான் வேணும்!"

கடைக்காரர் எழுந்தே விடுகிறார்.

"அல்லாஹ்! உங்களத்தான் மூணு வருஷமாப் பாத்துக்கிட்டு இரிக்கன்!"

அதே சப்பாத்து, அளவும் சரி. ஆனால் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

"மாமி கண்டுபிடிச்சிருவாவே காக்கா?"

"மத்தக் காலையும் வெயில்ல வைங்க. வெளுத்துரும்."

அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். பஸ் புறப்படுகிறது. சிவப்புச் சப்பாத்தைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் பிடித்துக்கொண்டு போகிறேன், இரண்டு கையாலும்.