கறுப்பு டேப் சுற்றிய குழாய்

இரண்டு வருசத்துக்கு முன்னால், தைப்பூசம் முடிந்த சமயம். ஜோகூரில், மாசாயில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து வேனில் போய், அப்புறம் படகில் ஏறிப் போகிற ஒரு கேலோங்கில் நடந்தது. கேலோங் என்றால், கடலுக்குள் மரமேடை கட்டி, அதற்குக் கீழே வலைக்கூண்டு போட்டு மீன் வளர்க்கிற இடம். நான் அங்கெல்லாம் போகிற ஆளே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் காபித் தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். கிளினிக்கில் என் நம்பரைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டால்கூட வாயைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான்.

அவர் பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் முங்கி வேலை செய்தவர். கப்பலுக்கு அடியில் போய், ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டுகிற வேலை. வேலையிலிருந்து நின்ற பிறகாவது சும்மா இருப்பார் என்று பார்த்தேன். எங்கே? கேலோங்காரர்கள் வலை கிழிந்தால், கயிறு அறுந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் காத்து அடைத்த சிலிண்டரை, நாங்கள் தோங் என்போம், வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். போகட்டும், உடம்பில் தெம்பு இருக்கிறது, ரத்தம் பார்த்து டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் அவர் வைத்திருந்த சாமான்களைப் பார்த்துத்தான்.

வாயில் கவ்வி மூச்சு விடுகிற ரெகுலேட்டர் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கியது. அந்த மகளுக்கே இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. தோங்கிலிருந்து வாய்க்குக் காத்து வருகிற ரப்பர் குழாய் முழுக்க வெடிப்பு. அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். டேப் தளர்ந்தால் அதன் மேலேயே இன்னொரு சுற்று. தண்ணிக்குள் மேலே தூக்குகிற, கீழே இறக்குகிற அந்தக் காத்து ஜேக்கெட்டும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டியிருந்தார். ஒவ்வொரு தடவையும் வந்ததும் அதையெல்லாம் பாத்ரூமில் நல்ல தண்ணியில் போட்டு அலசுகிறவள் நான்.

மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஒரு தடவை ஜோகூர் பாருவில் இந்தச் சாமான் விற்கிற கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். இதற்கு உள்சாமான்கள் இப்போது வருவதே இல்லை, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது புதுசாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பழச தூக்கிப் போட்டுடுங்கப்பா" என்றாள்.

"ஏன்? அதுக்கு என்னா வந்துச்சு? உங்கம்மா மாதிரிதான், சத்தம் போடும், ஆனா வேலை செய்யும்" என்றார்.

நல்ல நாள் அதுவுமாக எனக்கு வந்த கோபத்தை முறுக்கு மாவில் காட்டினேன்.

புதுசு அலமாரிக்கு மேல் ஏறியது, பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. கேட்டால், "பூச போடாத சாமான எடுத்துக்கிட்டு தண்ணில எறங்கக் கூடாது. ஆயுத பூசைக்குப் போட்டுட்டு எடுத்துக்கலாம்" என்றார். தீபாவளிக்கு முன்னால்தானே ஆயுத பூசை முடிந்தது! அடுத்தது வர ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் கறுப்பு டேப்பாம்.

நானும் சளைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக்கைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டிவிட்டேன்.

"ஆச்சு. பூச போட்டாச்சு."

அப்புறம் ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்றார். அப்புறம் வார் இறுக்கமாக இருக்கிறது என்றார். அந்தக் கலர் மீனைப் பயமுறுத்தும் என்றுகூட ஒரு நாள் சொன்னார். கலங்கிய தண்ணியில் எந்த மீனுக்குக் கலர் தெரியும்? பணம் போட்டு வாங்கிய மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் போனை எடுக்கவே பயந்தேன். கஞ்சப் புத்தி, பழசைக் கட்டி அழுகிற புத்தி என்று நினைத்துக்கொண்டு தினமும் திட்டினேன். திட்டினால் மனுசர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு கேலோங் தவுக்கே, அதாவது முதலாளி, போன் பண்ணினார். சீனர், பல வருசப் பழக்கம். கூண்டுக்கு அடிப்பக்கம் வலை கிழிந்து சியாக்காப் மீன் வெளியே போகிறது, உடனே வா என்றார். மகள் முன்னமே சொல்லி வைத்திருந்தாள், "அம்மா, அடுத்த வாட்டி நீங்களும் கூடப் போங்க. புதுச போடறாரான்னு பாருங்க" என்று. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காபி ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புதுச் சாமான்களை என் கையாலேயே எடுத்து வைத்தேன்.

கேலோங்கில் போய் இறங்கியதும் இவர் பையைத் திறந்தார். துண்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது, அந்தக் கறுப்பு டேப். எப்போது ஒளித்து வைத்தாரோ!

"இத ஏன் கொண்டாந்தீங்க?"

"நீ சும்மா இரு. இது நல்லாதான் இருக்கு. காட்டறேன் பாரு" என்று அதைத் தோங்கில் மாட்டி, காத்தைத் திறந்தார்.

டப்பென்று ஒரு சத்தம். உடனே காது கிழிகிற மாதிரி விசில். குழாய் அறுந்துபோய், வாலை மிதித்த நாய் மாதிரித் துள்ளியது. படகுக்கார மலாய்க்காரர் "அலமாக்!" என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார். தவுக்கே கையிலிருந்த சிகரெட் கடலில் விழுந்தது. இவர் எப்படியோ எட்டிக் காத்தை மூடினார்.

இதே குழாய் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணிக்குள் அறுந்திருந்தால்? அங்கிருந்த மீன் போடுகிற பெரிய தோம்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தவுக்கேக்கு மீன் கவலை. புதுசுதான் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு சீக்கிரம் இறங்கு, மீனெல்லாம் ஓடுகிறது என்று மலாயில் அவசரப்படுத்தினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்பாடா, இனிமேலாவது வேறு வழியில்லை, போட்டுத்தானே ஆக வேண்டும்!

இவர் புதுசைத் தோங்கில் மாட்டினார். மேடை விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தேதான் இருந்தார். ஜேக்கெட்டின் பட்டன்களைத் தடவிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், "இன்னும் என்னா? நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கீழ ஒண்ணுமே தெரியாதுடி. சேத்துத் தண்ணி. மூஞ்சிக்கு முன்னால கைய வச்சாலும் தெரியாது. எல்லாம் கைதான். பழசுல காத்து ஏத்தற பட்டன் எங்க, எறக்கற பட்டன் எங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் என் கை போயிடும். இதுல எல்லாமே மாறி இருக்கு. வலைக்கு அடில இருக்கறப்ப தப்பா அமுக்கினேன்னு வை, மேல தூக்கிட்டுப் போய் வலைக்குள்ள சிக்கிக்குவேன்."

"இத ஏன் வீட்டுல சொல்லல?"

"என்னான்னு சொல்றது? இத்தன வருசம் கப்பலுக்கு அடில கெடந்தவன், ஒரு பட்டனுக்குப் பயப்படறேன்னா?"

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் இன்னும் ஜேக்கெட்டில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசையும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாமே!

அதற்குள் தவுக்கே மறுபடியும் கூப்பிட்டார். இவரோ வாரை இழுத்து மாட்ட ஆரம்பித்தார். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கியே விடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜேக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடு."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க, விடுன்றேன்ல!"

நான் தவுக்கே பக்கம் திரும்பினேன். எனக்குத் தெரிந்த மலாய் மார்க்கெட்டில் காய் வாங்குகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு, "தவுக்கே, சாயா தாக் காசி! சாயா தாக்குட்!" என்று சத்தமாகச் சொன்னேன். நான் விட மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். பயம் அவருடையது. என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது?

தவுக்கே வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "அங்கிள், தாக்குட் பினி கா?" என்றார். பெண்டாட்டிக்குப் பயமா என்று கிண்டல். படகுக்காரரும் சேர்ந்து சிரித்தார். இவர் வாரைக் கழற்றினார். அப்புறம் வேறு ஆளுக்குப் போன் பண்ணிவிட்டு, அந்த ஆள் வருகிறவரைக்கும் மேலேயிருந்தே இன்னொரு வலையைக் கூண்டைச் சுற்றி இறக்கினார்கள். இவரும் நின்று இழுத்துக் கட்டினார். கொஞ்சம் மீன் போய்விட்டது. தவுக்கே முகம் அதற்கப்புறம் அவ்வளவு நல்லாயில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஏச்சு.

"என் மானத்த வாங்கிட்ட. நாளைக்கு எல்லா கேலோங்லயும் இதான் பேச்சு."

"உசுர் போனா மானத்த எங்க கொண்டு போய் வைப்பீங்க? தோங்லயா?"

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? இல்லை. ஆனால் ஏச்சு வாங்குவேன் என்றும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில், நான் பசியாற ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் புது ஜேக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தோங்கை முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கைலியோடு!

"அந்தத் துண்ட எடுத்து என் கண்ணக் கட்டு. நீ சொல்லு, நான் தொடறேன்."

கட்டினேன். மகள் கடையில் கேட்டுப் போனில் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். "காத்து ஏத்துங்க... எறக்குங்க... வாயில இருக்கறது கெட்டுப்போச்சு, இன்னொண்ணு எங்க?" கை தப்பான இடத்துக்குப் போனால், "செத்தீங்க" என்பேன். முதல் நாளில் எத்தனை தடவை செத்தாரோ தெரியாது. எரிச்சலில் ஒரு தடவை, "நீ ரொம்ப சந்தோசமா சொல்ற" என்றார். பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டு வந்து, கண்ணைக் கட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

வீட்டில் தினமும் இதே கூத்து. பிறகு படகு கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணியில், கூட்டாளி ஒருவர் துணையோடு பழகினார். அந்த வருசம் தீபாவளி வருவதற்கு முன்னால் அதே தவுக்கே கூப்பிட்டார். நானும் போனேன். புதுசைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மேலே வந்துகொண்டிருந்த காத்துக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு எழுத்து பத்தாது. மேலே வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"காப்பில சீனி போட்டியா?"

அவ்வளவுதான்!

அறுந்த குழாயை அவரே கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். ஆனால் பழைய கால் துடுப்பு இரண்டும் இன்னும் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. ஒன்று பிளந்துவிட்டது. மாற்றச் சொன்னால் பேப்பரை விரிக்கிறார்.

எனக்குக் கோபம் இன்னும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. திட்டத்தான் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த விரல் பட்டனைத் தேடியதைப் பார்த்த பிறகு, யாராவது காரணமே இல்லாமல் பிடிவாதம் பிடித்தால், திட்டி முடித்துவிட்டாவது பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குப் பயப்படறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.