பின்வாசலில் ஒப்படைத்தவள்

2024 ஆகஸ்ட் ஏழாம் தேதி, புதன்கிழமை காலை, என் மனைவி யாஸ்மின் எங்கள் ஒன்பது வயது மகள் நிலோபரை, ஜங்ஷன் சாலையிலுள்ள அவளுடைய பள்ளியின் பின்வாசலில், பள்ளி ஆயாவின் கையில் ஒப்படைத்தாள். அன்று நண்பகலில் குழந்தை விருத்தாசலம் ரயில் நிலையத்தில் தனியாகக் கண்டெடுக்கப்பட்டாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பள்ளி நிர்வாகம் கொடுத்த அறிக்கையோ, "மாணவி அன்று பள்ளிக்கு வரவில்லை, தாயின் அலட்சியமே நிகழ்வுக்குக் காரணம்" என்கிறது. இந்த வாக்கியம் பொய் என்று நாசர் ஆகிய நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நிலோபரை எங்களிடமிருந்து பிரித்து வெளியூர் விடுதி ஒன்றில் சேர்ப்பதா என்று செப்டம்பர் இருபதாம் தேதி குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யவிருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது அந்த வாக்கியம். யாஸ்மினை அவர்கள் பார்த்ததில்லை. ஆகவே அவள் யார் என்பதை எழுத வேண்டியிருக்கிறது.

யாஸ்மின் இதே விருத்தாசலத்தில் பிறந்து, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். வாயாடி என்று பெயரெடுத்தவள். நான் இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை கற்றவன். அந்த வேலையே என்னை அமீரகத்தில் ராஸ் அல் கைமாவுக்குக் கொண்டுபோனது. யாஸ்மினும் வந்து சேர்ந்தாள். நிலோபர் அங்கேதான் பிறந்தாள்.

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. ஆட்டிசம் என்றார்கள். பயிற்சி கொடுத்த பெண்மணி வெளிநாட்டுக்காரர், நல்லவர்தான். இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து யாஸ்மின் தன் மகளிடம் தமிழ் பேசவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஆங்கிலச் சொற்களை எழுதி ஒட்டி மனப்பாடம் செய்தாள். ஈட், சிட், கம், ஷூஸ். அந்தச் சொற்கள் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும். பெற்ற மகளைக் கொஞ்சுவதற்கு வாயாடியிடம் ஒரு சொல்லும் இல்லாமல் போயிற்று. தாலாட்டு வாய்வரை வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு மடியில் தட்டிக்கொடுப்பாள். குழந்தையின் நன்மைக்காக என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

பலன் இல்லாமலும் இல்லை. நிலோபர் சில வாக்கியங்கள் சொல்லக் கற்றாள். தொலைந்துபோனால் சொல்வதற்கென்று பெயரையும் ஊரையும் யாஸ்மின் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று அதே தொனியில் கேட்டால் மட்டும் பதில் வரும்.

2022இல் என் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினோம். ஆலடி சாலையில் வாடகை வீடு. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்: "தொரைசானி அம்மாவும் பொண்ணும் இன்னைக்கு இன்னாடி இங்கிலீஷுல சண்டை?"

"எங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷுல சண்டை போட முடியாதுக்கா. சாப்பிடறது, குளிக்கிறது, தூங்கறது, அவ்ளோதான்" என்பாள் யாஸ்மின். சிரித்துக்கொண்டே சொல்வாள். உள்ளே வந்ததும் முதலில் கதவின் மேல்தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். நிலோபர் சொல்லாமல் வெளியேறும் பழக்கமுள்ளவள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே என்னிடமும் அதே கேள்வி வரும்: "பூட்டிட்டீங்களா?" உறக்கத்திலும் கேட்டிருக்கிறாள்.

பள்ளியில் இடம் கிடைப்பதற்கே ஒரு வருடம் ஆனது. முன்வாசலில் மின்சார மணி. அது அடித்தால் நிலோபர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். தலைமையாசிரியை பானுமதி அம்மையார் தாமாகவே ஒரு வழி சொன்னார். வேன் நுழையும் பின்வாசலில் விட்டுவிட்டுப் போகலாம், ஆயா வந்து வகுப்புக்கு அழைத்துப் போவார் என்றார். நான் சொல்லியனுப்பியபடி, இதை எழுதித் தர முடியுமா என்று யாஸ்மின் கேட்டாள்.

"இதுக்கெல்லாமா லெட்டரு? நம்ம புள்ளைங்கம்மா. போயிட்டு வாங்க" என்றார் அம்மையார்.

அன்பாகத்தான் சொன்னார். நம் ஊரில் இப்படித்தான் காரியங்கள் நடக்கின்றன. அதற்கு மேல் வற்புறுத்தினால் கிடைத்த இடமும் போய்விடுமோ என்று யாஸ்மின் திரும்பிவிட்டாள். முன்வாசலில் வருகை குறிப்பவர் நிலோபரைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆயா போய்ச் சொன்னால்தான் அவள் வந்ததாகப் பதிவாகும்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி ஆயா நிலோபரின் கையைப் பிடித்துக்கொண்டார். யாஸ்மின் வீடு திரும்பினாள். அந்த நேரம் வேனிலிருந்து சின்னப் பிள்ளைகளை இறக்கும்படி ஆயாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்த கையை விட்டிருக்கிறார். வாசல் திறந்திருந்தது. இதை அன்று மாலை ஆயாவே அழுதுகொண்டு யாஸ்மினிடம் சொன்னார். அடுத்த வாரம் பேச்சு மாறியது. "எனக்குப் பொழப்பு இதுதாம்மா. என்னை எழுதிக் கேக்காதீங்க" என்றார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய வேலை போவதால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதினொன்றரை மணிக்கு வகுப்பாசிரியை யாஸ்மினைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நிலோபர் இன்னைக்கு லீவாம்மா? லெட்டரு ஒண்ணும் குடுத்தனுப்பலையே."

"கையில குடுத்துட்டு வந்தேனே டீச்சர்."

உடனே அழைப்பு துண்டிக்கப்பட்டது.

யாஸ்மின் என்னை அழைத்தாள். சூளையருகே கைப்பேசி வைத்திருக்க விடமாட்டார்கள், நான் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினாள். வீட்டில் தேடிப் பாருங்கள் என்றார்கள். பின்வாசலுக்கு வெளியே வந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். வலப்பக்கம் கடைவீதி. இடப்பக்கம் தண்டவாளம். அப்போது ரயில் நிலைய அறிவிப்பு காற்றில் வந்தது. முதலில் தமிழ், பிறகு இந்தி, பிறகு, "மே ஐ ஹேவ் யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்." இந்த ஊரில் நிலோபருக்குப் புரியும் மொழியை உரக்கப் பேசும் இடம் அது ஒன்றுதான். யாஸ்மின் இடப்பக்கம் ஓடினாள்.

குழந்தை நடைமேடைப் பெஞ்சில், ரயில்வே போலீஸ் ஏட்டு மாணிக்கவேல் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை முகத்தருகே ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏட்டு தமிழில் கேட்டுப் பார்த்திருக்கிறார். தமக்குத் தெரிந்த இந்தியிலும் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த ரயிலில் பெண் காவலருடன் விழுப்புரத்திலுள்ள குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடாகிக்கொண்டிருந்தது.

"நிலோபரு, அம்மா வந்துட்டேன்டி, இங்க பாருடி" என்று யாஸ்மின் கத்தினாள்.

நிலோபர் திரும்பவில்லை. அந்தக் குரல் பல வருடங்களாக அவளிடம் பேசியிராத மொழியில் பேசியது.

"இன்னாம்மா, புள்ள உங்களத் திரும்பிக்கூடப் பாக்கலையே?" என்றார் ஏட்டு. குழந்தைக்கும் அவளுக்கும் இடையே கையை நீட்டித் தடுத்தார். "ஆதாரு ஏதாவது இருக்குதா?"

பதற்றத்தில் யாஸ்மினுக்கு ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிருந்தது. தரையில் மண்டியிட்டு, மூச்சை இழுத்து நிறுத்தி, பழகிய அந்தத் தொனியைத் தேடிப் பிடித்தாள். "வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் நிலோபர். ஐ லிவ் இன் ராஸ் அல் கைமா."

சொல்லிக்கொடுத்த ஊரை மாற்றிச் சொல்லிக்கொடுக்க எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

"அது எங்க இருக்குது? திட்டக்குடிப் பக்கமா?" என்று ஏட்டு கேட்டார்.

நான் ஆதாருடன் போய்ச் சேர்ந்த பிறகே குழந்தையைக் கொடுத்தார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. "தாய் அழைத்தும் குழந்தை திரும்பவில்லை" என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பிய குறிப்பில் அவர் எழுதியது நடந்த உண்மை. ஆனால் பள்ளியின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த உண்மையும் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது. யாஸ்மினுக்கு உறக்கம் போனது இதனால்தான்.

அதே மாதம் புதுச்சேரியில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். உங்களுக்கு எந்த மொழி தாராளமாக வருமோ அதில் பேசுங்கள், அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்றார். "அப்ப இத்தனை வருஷம் நான் பேசாம இருந்தது எதுக்குங்க?" என்று யாஸ்மின் கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது அவள் தமிழ் பேசுகிறாள். குளிக்கவைக்கும்போதும் தலை வாரும்போதும் விடாமல் பேசுகிறாள். நிலோபர் கேட்கிறாளா என்பதே தெரியாமல் இருந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினேன். விளையாடிக்கொண்டிருந்த நிலோபர், தலை நிமிராமல், "பூட்டிட்டீங்களா?" என்றாள். அவளுடைய முதல் தமிழ்ச் சொல் அது. யாஸ்மின் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். சிரித்தாள்; சிரிப்பு பாதியில் நின்றது. "இவள விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா இதை யார்கிட்டங்க சொல்லுவா?" என்று கேட்டாள்.

பள்ளித் தாளாளர் அவர்களே, பிள்ளை வரவில்லை என்று யாஸ்மினைத் தொலைபேசியில் அழைத்தது உங்கள் ஆசிரியை. ஒப்படைத்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் அழைப்பைத் துண்டித்தது யார்? பின்வாசலில் விடும் ஏற்பாட்டைச் செய்தது உங்கள் தலைமையாசிரியையா, இல்லையா? ஆம் என்றால், வேன் நின்ற நேரத்தில் அந்த வாசலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதைச் சொல்லுங்கள். ஆயாவைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். இல்லையென்றால், இல்லை என்று கையொப்பமிட்டுச் சொல்லுங்கள். "தாயின் அலட்சியம்" என்ற சொற்களை அறிக்கையிலிருந்து நீக்கி, அதன் நகலைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொல்வதையும் ஆள் மூலம் சொல்லியனுப்புவதையும் ஏற்க மாட்டேன். செப்டம்பர் இருபதாம் தேதிக்கு முன்பாக, பள்ளி முத்திரையுடன், எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.