கொசுக்காரம்மாவும் என் கான்கிரீட் தளமும்

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி சொல்லத்தான் போகிறாள். கலவையில் தண்ணீர் கூடினால் கத்துவேன், குறைந்தாலும் கத்துவேன். அப்படிப்பட்டவன் மேஸ்திரியாகிச் சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் கட்டடம் அது. தளம் போட்டு எட்டே நாள் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அதில் ஏறி நின்று, நான் கட்டிவைத்த பாத்தியைக் காலால் உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் சும்மா இருப்பேனா?

கட்டட வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே அதன்மேல் சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். காய்ந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டால் வீட்டுக்காரர் நம்மை விடமாட்டார். இந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு வாசலிலேயே நின்ற மனுஷன், தன் வீட்டைத் தினமும் நாலு தரம் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

“ஏம்மா! யாரும்மா நீ? இறங்கு கீழே! இது என்ன வாய்க்கால்னு நினைச்சியா, வெட்டி விடுறதுக்கு?”

அவர் இறங்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். சட்டை முழுக்கப் பைகள். கையில் நீளமான காம்பு வைத்த ஒரு வெள்ளைக் கரண்டி. மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு கரண்டி முகந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“கத்தி முடிச்சாச்சா மேஸ்திரி? அப்ப இதைப் பாருங்க.”

பார்த்தேன். அரிசியில் பாதி அளவுக்குப் புழுக்கள் தண்ணீரின் மேலே கிடந்தன.

“மத்த கொசுப்புழு எல்லாம் தலைகீழாத் தொங்கும். இது மட்டும் ஜம்முனு பாய் விரிச்ச மாதிரி மட்டமா படுத்துக்கும். மலேரியாக் கொசு. இன்னும் ரெண்டு நாள்ல றெக்கை முளைச்சு உங்க ஆளுங்க காதுல பாட வந்துடும்.”

“அது பாடட்டும், ஆடட்டும். என் தளம் விரிசல் விட்டா உங்க தலையைக் கொடுத்துத் தாங்குவீங்களா?”

“என் தலை தாங்காதுங்க. உள்ளே ஒண்ணும் கிடையாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்” என்று சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். போகிற போக்கில் சுண்ணக்கட்டியால் செங்கல் சுவரில் தேதி போட்டுவிட்டு, “ஆறு நாள் கழிச்சு வருவேன்” என்றார். என் ஆட்கள் பத்துப் பேரும் திரும்பி நின்று சிரித்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த முறை அந்த அம்மாவுக்கு ஒரு கரண்டித் தண்ணீர்கூடக் கிடைக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பாத்தியை எல்லாம் வழித்து எடுத்தேன். மாவு மில்லில் பழைய சாக்குகளை அள்ளிவந்து தளம் முழுக்கப் பரப்பி, ஒரு நாளைக்கு ஐந்து தடவை நனைத்தேன். சாக்கு ஈரமாக இருந்தால் தளமும் ஈரமாக இருக்கும். எங்கள் தொழிலில் பழைய வழிதான். வேலை கூடுதல் என்பதால் யாரும் கிட்டே போவதில்லை. வீம்புக்காக நான் போனேன்.

ஆறாம் நாள் சரியாக வந்தார். ஏறினார். கரண்டியைத் தூக்கிக்கொண்டு தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் முகம் தொங்குவதைப் பார்க்கவேண்டும் என்று நானும் பின்னாலேயே ஏறினேன்.

“இது யாரோட யோசனை?”

“என்னோடதுதான்.”

“எதுக்குச் செஞ்சீங்க?”

“உங்களைக் கடுப்பேத்த.”

சாக்கின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பதினெட்டு வருஷமா ஒவ்வொரு கட்டடமா ஏறி, தண்ணி கட்டாதீங்கன்னு கெஞ்சுறேன். ஒருத்தன் காதுல போட்டுக்கல. என்னைப் பிடிக்காம ஒருத்தர் செஞ்சுட்டீங்களே!” அன்று மாலைக்குள் ஊரில் உள்ள மேஸ்திரிகள் அத்தனை பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் எல்லாத் தளத்திலும் சாக்கு கிடந்தது. ஐந்து தடவை நனைக்க ஆள் இல்லை என்று பாதிப் பேர் திரும்பவும் பாத்தி கட்டப் போய்விட்டார்கள். மீதிப் பாதி அவருக்கு லாபம்.

ஊரே அவரைக் கொசுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். அதற்கு முன் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாராம். கம்பெனியை மூடினார்கள். கொசு ஒழிப்பு வேலைக்குத் தினக்கூலி ஆள் எடுத்தபோது, மாடி மாடியாக ஏறவேண்டும் என்றதும் வரிசையில் நின்ற பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். “எனக்கு உயரத்துல தலை சுத்தாது. அது ஒண்ணுதான் என் படிப்பு” என்பார். கணவர் தையல்காரர். அவர் தைத்துக் கொடுத்த சட்டைதான் அது. டார்ச்சுக்கு ஒரு பை, ஊசிக்கு ஒன்று, பஞ்சுக்கு ஒன்று, ரத்தம் தடவும் கண்ணாடித் துண்டுகளுக்கு ஒன்று. தோளில் மூடி போட்ட வாளியில், கொசுப்புழு தின்னும் சின்ன மீன்கள்.

மற்ற அதிகாரிகள் மாதிரி, தன் வேலையை அவர் பெரிதாகப் பீற்றிக்கொள்ள மாட்டார். எது எங்கே உதைக்கும் என்று அவரே புட்டுப்புட்டு வைப்பார்.

“மீனு கிணத்துல பிரமாதமா வேலை செய்யும். மாடித் தொட்டியில விட்டா குழாய் வழியா வாளிக்கு வந்துடும். குளிக்கிறவர் என்னைத் திட்டுவார்” என்பார். புகை அடிக்கும் வண்டி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. “சத்தமா வரும், வெள்ளையா அடிக்கும், சனங்களுக்குத் திருப்தி. கொசு பக்கத்துத் தெருவுக்குச் சுத்திப்பார்க்கப் போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும்.” சுவரில் அடிக்கிற மருந்து? “வருஷக்கணக்கா ஒரே மருந்து. அதுக்கும் பழகிப்போச்சு. இப்ப அதுல மணம் பார்த்துட்டு உட்காருது.”

“அப்ப எதுக்குத்தான் இந்த வேலை?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“ஒண்ணு ஓட்டைன்னா இன்னொண்ணை வச்சு அடைக்கணும். நீங்க ஒரே செங்கல்லயா வீடு கட்டுறீங்க?” என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வந்தபோது, உச்சி வெயிலில் நான் மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு மணல்மேட்டில் உட்கார்ந்து கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

“என்ன மேஸ்திரி இது?”

“ஒண்ணுமில்ல. வெயில் காய்ச்சல். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப்போட்டா ரெண்டு நாள்ல போயிடும்.”

“எத்தனை வருஷமா?”

“ரெண்டு வருஷமா.”

அந்த இரண்டு வருடத்தில் இந்தக் காய்ச்சலால் மூன்று இடத்தில் வேலை போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை, கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் எல்லோருக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவள் வயிற்றில் ஆறு மாதம். கொசுக்காரம்மா அவள் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எல்லோர் விரலிலும் குத்தினார். பன்னிரண்டு பேரில் நாலு பேருக்கு மலேரியா. நான் ஒன்று, கம்பி கட்டுகிறவர் ஒன்று, கலவை போடும் அண்ணன் தம்பி இரண்டு பேர். என் மனைவிக்கு இல்லை. எனக்கு உயிர் வந்தது. மறுநாள் அவர் மருந்து தோய்த்த கொசுவலை இரண்டு கொண்டுவந்தார். கையிருப்பு அவ்வளவுதானாம்.

“ஒண்ணு வயித்துப் பிள்ளைக்காரிக்கு. இன்னொண்ணு உங்களுக்கு.”

“எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் வந்தாச்சே. வராதவங்களுக்குக் கொடுங்க.”

“கொசு மலேரியாவோட பிறக்கிறது இல்ல மேஸ்திரி. உங்க ரத்தத்துல இருந்துதான் எடுக்குது. எடுத்துட்டுப் போய் அவங்களைக் கடிக்கும். இந்த நேரத்துல அவங்களுக்கு வந்துச்சுன்னா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.”

எனக்குக் கோபம்தான் வரும், பயம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பயந்தேன். அவளுக்கு எமன் எங்கிருந்தும் வரவில்லை, பக்கத்துப் பாயில் நான்தான் படுத்திருக்கிறேன். இரண்டு வலையையும் வாங்கிக்கொண்டேன்.

வலைக்குள் போகுமுன்னே, பொழுது சாயும்போதே கொசு கடிக்கும். அதனால் சமையலை வெளிச்சத்திலேயே முடிக்கச் சொன்னார். எங்கள் நாலு பேருக்கும் சுகாதார மையத்தில் இன்னொரு ரத்தச் சோதனை செய்து, உடம்பு தாங்கும் என்று தெரிந்தபின் மாத்திரை கொடுத்தார். முதல் மூன்று நாள் மாத்திரை காய்ச்சலை இறக்கும். பதினாலு நாள் மாத்திரை, ஈரலில் ஒளிந்திருப்பதை ஒழிக்கும். அதை விழுங்காமல் விட்டால் அது சாவகாசமாக எழுந்து மூன்று மாதத்தில் திரும்ப வரும். “மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் எல்லாருக்கும் டாக்டர் பட்டம் வந்துடும். மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. என் வேலையில பெரிய ஓட்டையே அதுதான்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

நாலாம் நாள் நான் டாக்டர் ஆனேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கும்போது மாத்திரை எதற்கு? வயிற்றைக் குமட்டுகிறது வேறு. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாத்திரை?”

“அப்புறம் போட்டுக்கிறேன்.”

“அப்ப சோறும் அப்புறம்தான்.”

“யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?”

“தெரியுது. பசியில இருக்கிற மேஸ்திரிகிட்ட. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. ம்ம், இப்ப உட்காருங்க.”

அன்றிலிருந்து நாலு பேரும் வரிசையில் நின்று அவள் கண்முன் விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் சோறு. இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்த கொசுக்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, “தாயே, உன்னை எங்க டிப்பார்ட்மெண்டுல சேர்த்துக்கிறேன்” என்று கொஞ்சினார். ஆனால் ஒன்பதாம் நாள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேறு ஊரில் கூலி அதிகம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். கொசுக்காரம்மா தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு அவர்களுக்குப் போன் போட்டார். அண்ணன் எடுத்தான், மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டான். தம்பி எடுக்கவே இல்லை. “எந்த ஊருக் கொசுவுக்கு விருந்து வைக்கிறானோ” என்று அவர் புலம்பியபோது எனக்கே மனசு கேட்கவில்லை.

நான் பதினாலு நாளும் விழுங்கினேன். தளம் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லாமல் நின்றது. தபால்காரர் அதைத் தடவித் தடவிப் பூரித்துப்போய், எதிர்வீட்டுக்காரரிடம் என்னைச் சிபாரிசு செய்தார். மூன்று மாதத்தில் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். வந்து பார்த்த கொசுக்காரம்மா, “அப்பன் மாதிரியே கத்துறா, தளம் போட்ருவா” என்றார்.

மகளுக்கு இருபதாம் நாள். விடியற்காலையில் எனக்கு உடம்பு நொறுங்கிற்று. நெற்றி சுட்டது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். காய்ச்சல் திரும்ப வருகிற கணக்குக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. வலைக்குள் தாயும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பாமல் வெளியே வந்து, எதிர்வீட்டுக் கட்டடத்துக்குப் போய் ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது?

சித்தாள் பெண் ஓடிப்போய்க் கொசுக்காரம்மாவை அழைத்து வந்தாள். கால் மணியில் முடிவு சொல்லும் சோதனை அட்டை அவரிடம் இல்லை. வழக்கம்போலத் தீர்ந்துபோயிருந்தது. விரலில் குத்திக் கண்ணாடியில் தடவினார்.

“பதினாலு நாளும் விழுங்கினீங்கதானே?”

“நாக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன் அக்கா.”

அக்கா என்று நான் கூப்பிட்டது அப்போதுதான். “மாத்திரை சிலருக்குக் கேட்காமலும் போகும். பொய் சொல்லமாட்டேன். மையத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன்” என்று நடையைக் கட்டினார்.

மேலே வேலை ஓடவில்லை. ஆளாளுக்குச் சும்மா செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தவும் இல்லை. அதுதான் அவர்களுக்கு ரொம்பப் பயமாக இருந்ததாம், பிறகு சொன்னார்கள். மகளுக்கு ஏதாவது ஆனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். மணி பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று.

தெருமுனையில் அவர் வருவதை மேலே இருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பதினெட்டு வருடம் ஏணி ஏறிய மனுஷி, சட்டைப் பைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடி வந்தார். வாசல்வரை வரப் பொறுமை இல்லை. தெருவிலிருந்தே கத்தினார்.

“மேஸ்திரி! சளி! வெறும் சளிதான்யா! ரத்தத்துல ஒண்ணுமே இல்ல!”

மேலே ஒரே கூச்சல். கலவைச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டுக் கரண்டியால் தட்டினார்கள். கம்பி கட்டுகிறவர் தளத்திலேயே ஒரு குத்து ஆடினார். நான் மூலையை விட்டு வந்து மணல்மேட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன், வெட்கமே படவில்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, “என்னங்க விசேஷம்?” என்று கேட்டார்.

“எங்க மேஸ்திரிக்குச் சளி பிடிச்சிருக்குங்க!” என்றாள் சித்தாள் பெண், பல்லெல்லாம் தெரிய. அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

நான் எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினேன். பின்னாலேயே கொசுக்காரம்மா கத்திக்கொண்டு வந்தார்.

“நில்லுய்யா! பிள்ளையைத் தொடாதே! மலேரியாவையாவது கொசு தூக்கிட்டுப் போகணும், சளி தானாவே ஒட்டும்!”

மூன்று நாள் சன்னலுக்கு வெளியே நின்றுதான் மகளைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தும்மியதே இல்லை.