பதினொரு வினைச்சொல்லும் ஒரு துடைப்பமும்

ஜெர்மன்காரர்கள் எதையும் சும்மா கழுவிவிட்டுப் போவதில்லை. இதை நான் ஒரு இயந்திரக் கையேட்டில் கற்றேன். விருத்தாசலத்தில் கக்கூஸ் பீங்கான் செய்யும் ஒரு ஆலைக்குப் பழைய ஜெர்மன் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. களிமண் கூழைக் கெட்டித் துணிகளுக்கு நடுவே அடைத்து, அழுத்தி, தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம். கையேடு முழுக்க ஜெர்மன். இவர்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர்க் கம்பெனி அதை ஆங்கிலத்தில், மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு கேட்டது.

"போன்ல காட்டுனா ஏதோ வருதுங்க சார்," என்றார் முதலாளி. "ஆனா போனு கையெழுத்துப் போடாதே."

வாலிபத்தில் ஜெர்மனிக்குப் போய்விடுவேன் என்று நம்பி ஜெர்மன் மொழியில் இரண்டு நிலைப் பரீட்சை எழுதியவன் நான். போய்ச் சேர்ந்தது எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் வாத்தியார் வேலை. ஆக, ஊரில் வேறு ஆள் இல்லை.

எழுதுவதற்கு முன் இயந்திரத்தை ஒரு தடவை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். துணியைப் பிரித்தபோது கறுத்த கொழகொழப்பு ஒன்று நூல் விட்டுக்கொண்டு இறங்கியது. தேங்கிய கூழ் அழுகினால் கூமுட்டை நாற்றம் அடிக்கும் என்று அன்றுதான் தெரியும். ஒருவர் அதை உள்ளங்கையால் வழித்துச் சுவரில் அப்பிவிட்டு, அதே கையால் எனக்கு டீ கிளாஸை நீட்டினார். கிளாஸின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை. நான் டீயை விட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன். வீட்டில் குளியலறைச் சல்லடையில் சிக்கும் முடியைக்கூட மனைவிதான் எடுக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டு வருகிற ஜாதி.

ஏழாம் அத்தியாயம் சுத்தம் செய்வது பற்றி. அதில் பதினொரு வினைச்சொற்கள். ரைனிகென், ஸாய்பெர்ன், புட்ஸென், ஷ்ப்யூலென் என்று வரிசை கட்டி வந்தன. ஒன்று அலசுவது, ஒன்று துலக்குவது, ஒன்று சுரண்டுவது, ஒன்று துடைப்பது. ஒவ்வொன்றையும் எழுதும்போது அந்தக் கொழகொழப்பின் இன்னொரு பாகம் கண்முன் வந்தது. சுரண்டு என்றால் எதைச் சுரண்டுவது என்று தெரியும் எனக்கு. அலசலுக்கும் துலக்கலுக்கும் ஆங்கிலத்தில் வார்த்தை இல்லாமலில்லை. எனக்குத்தான் அவற்றை எழுத அருவருப்பு. ஆறாவது சொல்லுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் 'க்ளீன்' என்றே போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு முறை நன்றாக க்ளீன் செய்க. கையெழுத்தும் போட்டேன், தேதியோடு, அழகாக.

நாலு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிறார்களாம். சுவரில் அட்டையாக மாட்டிய என் மொழிபெயர்ப்பை ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம். மூக்கில் கைக்குட்டையோடு போனேன்.

உள்ளே வெள்ளைப் புகைபோலக் களிமண் தூசி. அதன் நடுவில் ஒரு அம்மா தென்னந்துடைப்பத்தால் சரக் சரக்கென்று கூட்டிக்கொண்டிருந்தார். புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் அதை இறக்கி, சாக்கடைப் பக்கம் திரும்பி இருமித் துப்பினார். துப்பியது சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் இருந்தது. இத்தனை வயதில் நான் பார்த்த அருவருப்பான பொருள்களில் அதற்கு முதலிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"எவ்ளோ நாளாம்மா இந்த இருமல்?"

"இந்த அட்டைய மாட்டுனதுலேர்ந்துதான் சார். முன்னெல்லாம் சனிக்கெழம மட்டும் கூட்டுவேன். இப்ப டெய்லி கூட்டணுமாம். யாரோ வாத்தியாரு எழுதிக் குடுத்துட்டாராம்."

"எந்த வாத்தியாரு?" என்று கேட்டேன், கோழை.

"யாரு கண்டா. அவுரு வூட்ல தெனம் கூட்டுவாரு போலருக்குது."

ஆபீஸில் ஜெர்மன் கையேட்டை வாங்கிப் பிரித்தேன். நான் சரியாகப் படிக்காமல் தாண்டிப்போன வரி தடித்த எழுத்தில் இருந்தது. காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலை அரிக்கும். நான் அதையும் 'க்ளீன்' ஆக்கியிருந்தேன்; முதலாளி அந்த 'க்ளீனை'த் தினசரித் துடைப்பம் ஆக்கியிருந்தார்.

வெளியே வந்து, "இனிமே தண்ணி போட்டுத் தொடைங்கம்மா, கூட்டாதீங்க," என்றேன்.

"தண்ணி போட்டா சேறாயிடும் சார். சேத்த வழிச்சி வாரிக் கொட்றதுக்கு அர மணி நேரம் கூட ஆவும். வேல முடிஞ்சிதான் கூட்ட உடுறாங்க. நல்லூர் பஸ்ஸ உட்டா அடுத்த பஸ்ஸுக்கு யாரு நிக்கறது? வூட்ல மாடு கத்தும்."

நெஞ்சா, பஸ்ஸா என்று கேட்டால் அவர் பஸ்ஸைத்தான் எடுப்பார். நெஞ்சு நாளைக்கும் இருக்கும் என்று நினைக்கிறவர். முதலாளியிடம் போய், அரை மணி முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாவை ஈரத்தில் துடைக்கவிடுங்கள் என்றேன்.

"அர மணி நேரம் மெஷின நிறுத்தறதா? நல்லா சொன்னீங்க. கூட்டுனாத்தான் பளிச்சுன்னு இருக்குதே சார்."

அவருக்கு நுரையீரலைச் சொல்லிப் பார்த்தேன். சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மொழிபெயர்ப்பில் சில பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து பதினொரு சொல்லையும் ஒன்று விடாமல் எழுதினேன். குமட்டக் குமட்ட. சுரண்டு, வழி, அலசு, பிழி, துடை. துடைப்பம் கூடாது என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அதன் கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: வேலை நேரம் முடிவதற்கு முப்பது நிமிடம் முன்பே இயந்திரத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் தரையை ஈரத்தில் துடைக்க வேண்டும். ஜெர்மன் மூலத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"இது ஜெர்மன்காரனே சொல்லியிருக்கானா?"

"அவனேதான்."

"அவன் சொன்னா சும்மா சொல்ல மாட்டான் சார்," என்று சொல்லி, பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டச் சொன்னார்.

மறுவாரம் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். மெஷின் நின்றிருந்தது. அந்த அம்மா முட்டிபோட்டு, சாக்குத் துணியால் வெள்ளைச் சேற்றை இழுத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் வழிந்தது. இருமல் நிற்கவில்லை.

"நீங்கதானாமே அந்த வாத்தியாரு," என்றார், நிமிராமல். "அந்த வாளிய இப்புடி நகத்துங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

கைப்பிடி முழுக்கச் சேறு. பிடித்து நகர்த்தினேன்.