புதுக் கண்ணாடியில் அவள் முகம்

கண்ணில் புரை விழுந்தபோது கொடைக்கானல் மூடுபனி என்றே முதலில் நினைத்தேன். பிறகு கோயிலுக்குப் போகவும் மனைவியின் கை வேண்டியிருந்தது. இயேசுவிடம் கண் கேட்ட எரிகோ ஊர்க் குருடனைப் போலப் பார்வை ஒன்றையே கேட்டு ஜெபித்தேன்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. புதுக் கண்ணாடி போட்டதும் அவளைத்தான் பார்த்தேன். முகம் வற்றியிருந்தது. கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி.

“இது எப்ப வந்துச்சு?”

“அது கெடக்கு. சொல்லியிருந்தா நீங்க ஆபரேஷனுக்கு வந்திருக்க மாட்டீங்க” என்று முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அடுத்த மழைக்கு முன்பே அவளை அடக்கம் செய்தோம்.

கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். வெளிச்சம் ஆறுதலையும் கூட்டிவரும் என்று நானாக எண்ணியிருந்தேன். அது உள்ளதை மட்டுமே காட்டியது. நன்றி சொல்ல முழங்காலிடுகிறேன். வார்த்தை வருவதில்லை. அவர் முன்னால் அப்படியே கிடக்கிறேன்.