மூன்று விளக்குகள் எரிந்த காலை

அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு நிலக்காரர் வழக்குப் போட்டிருந்தார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உழுகிறவனை வெளியேற்றமாட்டார்கள் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டு முறை வாய்தா வாங்கியாயிற்று. "இந்தத் தடவை அவரே வந்து சாட்சி சொல்லணும். வரலேன்னா கேஸ் போயிடும்" என்று வக்கீல் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பதினொரு மணிக்குத் தஞ்சாவூர்க் கோர்ட்டில் இருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து தேறியிருந்த அப்பாவை என் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஏழரைக்கே கிளம்பினேன். அறுவடைக் காலம். திருப்பனந்தாள் தாண்டியதும் சாலை முழுக்கக் கதிரைப் பரப்பிப் போட்டிருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறி நெல் உதிரட்டும் என்று. வைக்கோல் மேலேயே அரைக் கிலோமீட்டர் போனேன். அதைத் தாண்டியதும் டேஷ்போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விளக்குகள் எரிந்தன. ஒன்று சிவப்பு, பிரேக் விளக்கு.

பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இருந்தாலும் நம்ப முடியவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே கும்பகோணம் கடந்து, தாராசுரத்தில் கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மெக்கானிக் பிரேக் ஆயிலைப் பார்த்தார், சரியாக இருந்தது. பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார், அதிலும் குறையில்லை. "கம்ப்யூட்டர் வச்சுப் பாத்தாத்தாங்க தெரியும். கொண்டாரச் சொல்லியிருக்கேன், பத்து நிமிஷம்."

"நான் பஸ்ஸுல போயிடுறேம்மா" என்றார் அப்பா.

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா? பத்து நிமிஷந்தாம்பா."

அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. வக்கீலுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும். அப்பா காரின் முன் இருக்கையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குத்தகை ரசீதுகள் இருந்த பையை மடியில் அணைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பேருந்துகள் ஒவ்வொன்றாகப் போயின.

கருவி வந்தது. திரையைப் பார்த்த மெக்கானிக் முன்பக்க இடது சக்கரத்தின் பின்னால் கையை விட்டார். பிடி பிடியாக வைக்கோல் வந்தது. அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, சென்சாரின் ஒயரை அறுத்திருந்தது.

"சக்கரம் சுத்துற வேகத்தச் சொல்ற ஒயருங்க இது. இது அறுந்தா எல்லா லைட்டும் எரியும். பிரேக்குல ஒண்ணும் கோளாறு இல்ல. நீங்க மெதுவா ஓட்டிக்கிட்டே போயிருக்கலாம்."

ஒயரைத் தற்காலிகமாக ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். விளக்குகள் அணைந்தன. அப்போது மணி பதினொன்று பத்து.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வழக்கைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். சாட்சி சொல்ல அப்பா வரவில்லை என்று நிலக்காரருக்குச் சாதகமாக ஒருதலைத் தீர்ப்பு. வாசலில் வக்கீல், "போனை உள்ள எடுக்க முடியாதும்மா" என்றார். நான் அங்கேயே அழுதேன்.

"நீ நிறுத்தினது சரிதான்" என்றார் அப்பா. "வண்டில நீயும் இருந்தல்ல."

தீர்ப்பை நீக்கக் கேட்டு மனுப் போட்டோம். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் தானாகவே வந்து, அன்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மறுவிசாரணைக்கு உத்தரவு வருவதற்குள் ஒரு சம்பா போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் வயலில் வேறு ஆட்கள் நட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் போகவேயில்லை.